கிரான் துரிஸ்மோ: ஒரு வாகன வகையின் வரைவிலக்கணம் பற்றிய சில குறிப்புகள்

மோட்டார் வாகனங்களின் பின்புறத்திற் பொறிக்கப்படும் ஜீ.ரீ. என்னும் ஈரெழுத்துகள் இன்று ஏறத்தாழப் பொருளிழந்துவிட்டன எனலாம். சிறு குடும்பக் காரொன்றின் சற்றே வேகங்கூடிய வகையும் அவற்றைத் தாங்குகின்றது. பந்தயத் திடலுக்கு வெளியே ஓடுவதற்கு அனுமதியற்ற போட்டி வாகனமும் தாங்குகின்றது. இரண்டு தொன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள ஆடம்பர வாகனமும் தாங்குகின்றது. இம்மூன்றுக்கும் பொதுவான பண்பு யாது என வினவின், விளம்பரத்தைத் தவிர வேறெதையும் சுட்டுதல் கடினம். ஆயினும் இவ்வெழுத்துகள் ஒருகாலத்தில் மிகத் திட்டவட்டமான ஒன்றைக் குறித்தன. அது யாது, எத்தகைய சமூகச் சூழலில் தோன்றியது, எவ்வாறு சிதைந்தது என்பனவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழக்கமான கைநூல்கள் இவ்வகை வாகனத்தின் உறுப்புகளைப் பட்டியலிட்டு அதனை வரையறுக்க முயல்கின்றன. எஞ்சின் முன்புறத்தில் அமைதல், பின்சில்லுகள் இயக்கப்படுதல், இரண்டு கதவுகள், பெரியோர் இருவருக்கான முன்னிருக்கைகள், சிறுவருக்கு மட்டுமே போதிய பின்னிருக்கைகள், தாழ்ந்து சரியும் கூரை என அப்பட்டியல் நீளும். இப்பட்டியலை ஒவ்வொன்றாக முறியடித்தல் எளிது. 1970இல் வெளிவந்த பிரெஞ்சு வாகனமாகிய சித்ரோவன் எஸ்.எம். முன்சில்லுகளால் இயங்கியது. 1952இல் வெளிவந்த பென்ட்லி ஆர்-ரைப் கொன்ரினென்ரலில் வளர்ந்தோர் நால்வர் வசதியாக அமரலாம். இவ்விரண்டையும் ஜீ.ரீ. அல்ல என்று கூறத் துணிந்தோர் அரியர். ஆகவே வரைவிலக்கணத்தை உறுப்புகளிலன்றி, அவ்வாகனம் செய்யவேண்டிய வேலையிலேயே தேடவேண்டியுள்ளது. இருவரையும் அவர்தம் பயணப்பொதிகளையும், உயர்ந்த வேகத்தில், நாள் முழுவதும், சாரதி களைப்படையாத வகையிலே, ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கொண்டு சேர்க்கவல்ல மூடிய கூரைகொண்ட கார் என்று அதனைக் கூறலாம். இவ்வாக்கியத்தின் முழுப் பாரத்தையும் தாங்குவது 'நாள் முழுவதும்' என்னும் தொடரே.

பெயரின் வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. ஆங்கிலேய உயர்குடி இளைஞர் கல்வியின் இறுதிக் கட்டமாகப் பிரான்சையும் இத்தாலியையும் சுற்றிவந்த நெடும்பயணம் பதினேழாம் நூற்றாண்டிலேயே 'கிராண்ட் ரூர்' எனப் பெயர் பெற்றிருந்தது. 1670இல் வெளியான ரிச்சர்ட் லசெல்சின் இத்தாலியப் பயண நூலில் இத்தொடர் காணப்படுகின்றது. வாகனத்துறையில் இப்பெயருக்கு நிலைபேறளித்தோர் இத்தாலியரே. அல்பா ரோமியோ கம்பனி தனது 6சி 1750 வகையினை 1930 அளவில் 'துரிஸ்மோ', 'கிரான் துரிஸ்மோ', 'கிரான் ஸ்போர்ட்' எனத் தரம் பிரித்து விற்றது. இவ்வரிசை கூர்ந்து நோக்கத்தக்கது. சாதாரணப் பயணக் காருக்கும் போட்டிக்குரிய காருக்கும் இடைப்பட்ட நிலையே கிரான் துரிஸ்மோவின் நிலை. அதாவது, பிறப்பிலேயே அது ஓர் இணக்கப்பாடு.

தமிழில் இதனைச் 'சுற்றுலாக் கார்' என மொழிபெயர்த்தல் பெருந்தவறாகும். வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வாடகை வாகனமே நம்மவர் மனத்தில் உடன் தோன்றும். பொருத்தமான கலைச்சொல் உருவாகும் வரை இத்தாலியப் பெயரையே வழங்குதல் நன்று.

இவ்வகையின் முழுமையான முதல் வடிவமாக இக்கட்டுரையாசிரியர் கருதுவது, 1951இல் தூரின் நகரின் லான்சியா கம்பனி வெளியிட்ட அவுரேலியா பி20 என்னும் வாகனத்தையாகும். லான்சியா தன் வாகனங்கள் பலவற்றுக்கும் பண்டைய உரோமச் சாலைகளின் பெயர்களையே சூட்டியது. அவுரேலியா என்பது உரோமிலிருந்து வடமேற்கே கடலோரமாகச் செல்லும் சாலை. இவ்வாகனத்தின் எஞ்சின் 1991 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 75 பரிவலுவுமே கொண்டது. அக்காலத்திற்கூட இது வியப்பூட்டும் எண்ணன்று. வியப்பு அதன் அமைப்பிலேயே உள்ளது. ஆறு உருளைகளும் மும்மூன்றாக இரு வரிசைகளில், 60 பாகைக் கோணத்தில் அமைக்கப்பட்டன. தொடர் உற்பத்திக்கு வந்த முதலாவது வி-6 எஞ்சின் அவுரேலியாவினுடையதே. வித்தோரியோ யானோவின் மேற்பார்வையில் பிரான்செஸ்கோ தே விர்ஜீலியோ அதனை வடிவமைத்தார். ஆறுருளை எஞ்சினுக்குரிய அதிர்வற்ற ஓட்டத்தை இழக்காமல் எஞ்சினின் நீளத்தை ஏறத்தாழப் பாதியாக்குதலே இதன் பயன். மிஞ்சிய இடம் பயணிகளுக்குரியதாயிற்று. கிளச்சும் கியர்ப் பெட்டியும் எஞ்சினோடு இணையாது பின்சில்லுகளுக்கிடையே வைக்கப்பட்டமையால் முன்னும் பின்னும் எடை ஏறத்தாழச் சமமாகப் பகிரப்பட்டது. வளைவுகளில் வாகனம் சாரதியோடு மல்லுக்கட்டவில்லை. தொடக்கத்தில் இவை, இத்தாலியில் வீதியின் வலப்புறமாகவே ஓடுவது வழக்கமாயிருந்தும், சுக்கானை வலப்பக்கத்திலேயே கொண்டிருந்தன. மலைப்பாதையின் விளிம்பைச் சாரதி கண்ணாற் கண்டு ஓட்டுவதற்காகவே லான்சியா அவ்வழக்கத்தை நெடுங்காலம் பேணிற்று என்பர்.

1951ஆம் ஆண்டின் மில்லே மில்யா ஓட்டத்தில், ஏறத்தாழ 1,560 கிலோமீற்றர் தூரத்தைப் பொதுவீதிகளில் ஒரே மூச்சிற் கடக்கும் அப்போட்டியில், ஜொவான்னி பிராக்கோ ஓட்டிய பி20 இரண்டாமிடத்தைப் பெற்றது. முதலிடம் பெற்ற வில்லோரேசியின் பெராரி 4.1 லீற்றர் எஞ்சின் கொண்டது. அதாவது இருமடங்கு பெரியது. பதின்மூன்று மணித்தியாலங்களுக்கும் மேற்பட்ட ஓட்டத்தின் முடிவில் இரண்டுக்குமிடையே இருந்த வேறுபாடு 20 நிமிடங்களளவிலேயே அமைந்தது. லான்சியாவின் சராசரி வேகம் மணிக்கு 120 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு.

இதன் பின்னாலுள்ள பௌதிகத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அதிகரிக்கும். அதனை எதிர்த்து ஓடுவதற்கு வேண்டிய வலு வேகத்தின் கனத்துக்கு ஏற்ப அதிகரிக்கும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தை 160 ஆக உயர்த்துவதற்குக் காற்றுத் தடையின்பொருட்டு மட்டும் எட்டு மடங்கு வலு தேவைப்படுகின்றது. ஒரு நிமிடம் அவ்வேகத்தை எட்டிக் காட்டுதல் வேறு. மூன்று மணித்தியாலம் அதிலேயே நிலைத்திருத்தல் வேறு. பின்னதற்கு எண்ணெயின் வெப்பநிலை கட்டுக்குள் நிற்கவேண்டும். மலையிறக்கத்திற் பிரேக்குகள் சூடேறித் தளராதிருத்தல் வேண்டும். உயர்ந்த கியரில் எஞ்சின் நிதானமாகச் சுழலவேண்டும். எரிபொருட்டாங்கி பெரிதாக இருத்தல் வேண்டும். நூறு கிலோமீற்றருக்கு 15 லீற்றர் குடிக்கும் வாகனம் 80 லீற்றர்த் தாங்கியோடு ஐந்நூறு கிலோமீற்றரைச் சிறிதளவே தாண்டும் என்பது எளிய கணக்கு. இவையெல்லாவற்றினும் முக்கியமானது சாரதியின் உடல். இரைச்சலும் அதிர்வும் பக்கக் காற்றின் உதைப்பும் அவனை மெல்லமெல்லத் தின்னும். விளையாட்டுக் கார் உணர்ச்சியைக் கூட்டுகின்றது. கிரான் துரிஸ்மோ களைப்பைக் குறைக்கின்றது. இருவகைக்குமுள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

போட்டிகளை ஒழுங்குசெய்த நிறுவனங்கள் 'கிரான் துரிஸ்மோ' என்பதைத் தனியொரு பிரிவாக ஏற்றுக்கொண்டமை பெயர்ச் சிதைவின் முதற்படியாயிற்று. பயணத்துக்காகப் பிறந்த பெயர் விதிமுறைக்குள் அகப்பட்டதும், விதியை நிறைவு செய்வதே குறிக்கோளாயிற்று. 1962இன் பெராரி 250 ஜீ.ரீ.ஓ. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அப்பிரிவிற் போட்டியிட நூறு வாகனங்கள் செய்திருக்கவேண்டும் என்பது விதி. செய்யப்பட்டவையோ நாற்பதுக்கும் குறைவு. பழைய வகையொன்றின் மாற்று வடிவமே இது என வாதாடி அனுமதி பெற்றனர். பயணப்பொதிகளோடு நாள்முழுவதும் செல்வதற்கு அதனை எவரும் வாங்கவில்லை. ஈராண்டுகளுக்குள் அமெரிக்காவின் பொன்ரியாக் தனது 1964ஆம் ஆண்டு வகையொன்றுக்கு அதே மூன்றெழுத்துகளைச் சூட்டிற்று, அதன் 6.4 லீற்றர் எஞ்சின் நேர்வீதியிற் சீறிப் பாய்வதற்கே உகந்தது. பிரித்தானியாவில் 1963இலேயே போர்ட் கோட்டினா ஜீ.ரீ. வந்துவிட்டது. 1976இல் வந்த வொக்ஸ்வாகன் கோல்வ் ஜீ.ரீ.ஐ. மிகத் திறமையான சிறுகாரே. ஆனால் அதன் பெருமை வேறிடத்திலுள்ளது.

இனி இவ்வாகன வகையின் சமூக அடித்தளத்தை நோக்குவோம். அவுரேலியா வெளிவந்த ஆண்டில் இத்தாலியத் தொழிலாளிக்குக் கார் என்பது கனவு. 1955இல் வந்த பியாட் 600இன் விலையாகிய 5,90,000 லீரா கூடப் பலருக்குத் தவணைமுறையிலேயே எட்டியது. தென்னித்தாலியின் வறிய கிராமங்களிலிருந்து மக்கள் தூரின் நோக்கிப் பெயர்ந்தனர். 1951இல் ஏறத்தாழ 7 இலட்சமாயிருந்த நகரின் சனத்தொகை 1971இல் 11½ இலட்சத்தைத் தாண்டியது. ஐரோப்பாவின் நீளத்தை ஒரு நாளிற் கடக்கும் வாகனங்களை அந்நகரின் தொழிற்சாலைகளிற் பொருத்திய கைகளுட் பல, தம் ஊருக்குத் திரும்பிச் செல்ல இரவு ரயிலின் மூன்றாம் வகுப்பையே நம்பியிருந்தன. 1962ஆம் ஆண்டின் உலோகத் தொழிலாளர் வேலைநிறுத்தமும் 1969ஆம் ஆண்டின் 'வெப்பமான இலையுதிர்காலமும்' இப்பின்னணியில் வைத்து நோக்கப்படவேண்டியவை. லான்சியா கம்பனி கடன்சுமையால் பியாட்டின் கைக்கு மாறியதும் அதே 1969இல்தான்.

நேரத்துக்கு மிக உயர்ந்த விலை கொண்ட, ஆயினும் இன்னும் விமானத்துக்கு முற்றாக மாறாத ஒரு வர்க்கம், வேகக் கட்டுப்பாடு அற்ற அல்லது தளர்ந்த வீதிகள், மலிவான எரிபொருள். இம்மூன்றும் ஒருங்கே நிலவிய குறுகிய காலப்பகுதியே கிரான் துரிஸ்மோவின் காலம். மிலானிலிருந்து நாப்போலி வரை ஏறத்தாழ 760 கிலோமீற்றர் நீளும் 'சூரிய நெடுஞ்சாலை' 1956இல் தொடங்கி 1964இல் நிறைவுற்றது. மோன் பிளாங் சுரங்கப்பாதை 1965இல் திறக்கப்பட்டது. தீனோ ரீசியின் 1962ஆம் ஆண்டுத் திரைப்படமாகிய 'இல் சொர்ப்பாசோ', பி20இன் திறந்த கூரைச் சகோதரியாகிய பி24ஐ அவுரேலியாச் சாலையிலேயே ஓடவிட்டு, அக்காலப் பொருளாதாரச் செழிப்பின் உள்வெறுமையைக் காட்டிற்று. அதற்கு ஈராண்டுகளின் முன், 1960 ஜனவரி 4ஆம் நாள், எழுத்தாளர் அல்பேர் கமூ பாரிசு நோக்கிய நெடும்பயணத்தில் உயிரிழந்ததும் இவ்வகைக் காரொன்றிலேயே. மிஷேல் கலிமார் ஓட்டிய அந்த பசெல் வேகா, அமெரிக்க எஞ்சின் பூட்டிய பிரெஞ்சு ஜீ.ரீ.

1973இன் எண்ணெய் நெருக்கடி இக்காலத்தை முடித்துவைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் இத்தாலியில் ஞாயிற்றுக்கிழமைகளிற் கார் ஓட்டுதல் தடைசெய்யப்பட்டது. 1974இல் பிரெஞ்சு நெடுஞ்சாலைகளில் நிலையான வேக எல்லை வந்தது. பிரித்தானியாவின் ஜென்சன் 1976இல் மூடப்பட்டது, அஸ்ரன் மாட்டின் 1974ஆம் ஆண்டின் இறுதியில் முடங்கி மீண்டது, சித்ரோவன் எஸ்.எம். 12,920 வாகனங்களோடு 1975இல் நின்றுபோயிற்று. இரண்டு லீற்றருக்கு மேற்பட்ட எஞ்சின்கள் மீது இத்தாலி விதித்த கனத்த வரியினால், பெராரியே 1975இல் 208 ஜீ.ரீ.4 என்னும் சிறிய எஞ்சின் வகையினைச் செய்ய நேர்ந்தது. அதன் கொள்ளளவு 1991 கன சென்ரிமீற்றர். லான்சியா பி20 தொடங்கிய அதே எண். தற்செயல்தான்.

2003இல் வெளிவந்த பென்ட்லி கொன்ரினென்ரல் ஜீ.ரீ. முதலாக இவ்வகை மீண்டும் தழைத்துள்ளதாகக் கூறப்படுகின்றது. 2,300 கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையும் 6 லீற்றர் எஞ்சினும் கொண்ட அது, மணிக்கு 130 கிலோமீற்றர் எல்லையுள்ள வீதியில் நாள் முழுவதும் செய்யும் வேலையை நல்லதொரு டீசல் குடும்பக் காரும் செய்துவிடும்; எரிபொருளுக்காகக் குறைவான தடவைகளே நிற்கும். இன்று மின்கலத்தால் இயங்கும் வாகனங்களும் இப்பெயரைச் சூடுகின்றன; 2021இல் வந்த ஆடி ஈ-ட்ரோன் ஜீ.ரீ. அவற்றுள் ஒன்று. அமைதி, அதிர்வின்மை, தாழ்வான எடைமையம் ஆகியவற்றில் இவை பழைய இலட்சியத்துக்கு எந்தப் பெற்றோல் எஞ்சினையும்விட நெருங்கியவை. ஆனால் காற்றுத் தடையின் விதி மாறவில்லை. ஜேர்மனியின் எல்லையற்ற நெடுஞ்சாலையில் வேகத்தை உயர்த்தி நிலைநிறுத்தியதும் மின்கலம் விரைந்து வடியத் தொடங்குகின்றது. மின்னேற்றும் நிலையத்தில் வாகனம் நிற்கின்ற நேரத்தையும் சேர்த்துத்தான் அந்நாளின் சராசரி வேகத்தைக் கணக்கிடவேண்டும்.