மலையில் பிறக்கும் புயல். எச்சரிக்கை எட்டாத வயல்

கொல்கத்தா: பங்குனி பாதி கடந்துவிட்டால் கொல்கத்தா மக்கள் பிற்பகலில் வடமேற்கு வானத்தை அடிக்கடி அண்ணாந்து பார்ப்பார்கள். பகலெல்லாம் புழுங்கித் தவிக்கும் நகருக்கு அந்தத் திசையில் திரளும் கருமேகம் ஆறுதலையும் தருகிறது, அச்சத்தையும் தருகிறது. முதலில் புழுதி பறக்கும். அடுத்து மரக்கிளைகள் முறியும். ஹூக்ளி ஆற்றில் படகுப் போக்குவரத்து நிற்கும். இடியும் மழையும் கொட்டித் தீர்த்தபின் வெப்பம் 10 டிகிரி வரைகூடத் தணிந்திருக்கும்.

வங்க மக்கள் இதற்கு இட்ட பெயர் "கால்பைசாகி". வைசாக மாதத்தில் வரும் கேடு என்பது இதன் பொருள். வங்க நாள்காட்டியில் வைசாகம் ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. தமிழரின் சித்திரைக்கு இணையான மாதம் அது. வடமேற்கிலிருந்து வருவதால் வானிலை ஏடுகளில் இதற்கு "நார்வெஸ்டர்" என்றும் பெயர். மார்ச் முதல் மே வரை இதன் காலம்.

கடலோர மாநிலத்தைத் தாக்கினாலும் இது கடலில் பிறப்பதில்லை. மேற்கே ஜார்க்கண்டிலும் அதையொட்டிய புருலியா, பாங்குரா மாவட்டங்களிலும் பரவியுள்ள சோட்டா நாக்பூர் பீடபூமியே இதன் பிறப்பிடம். மலையில் மேகம் திரண்ட பிறகு கொல்கத்தாவை அடையச் சில மணி நேரம் ஆகிறது. அந்த இடைவெளியை அறிவியல் இன்று ஏறத்தாழ அளந்துவிட்டது. ஆனால், மலைக்கும் மாநகருக்கும் இடையே உள்ள வயல்களில் வேலை செய்வோருக்கு அது இன்னமும் முழுமையாகப் பயன்படவில்லை என்பதே இப்பிரச்னையின் சாரம்.

பாறை கொதிக்கும் பிற்பகல்

இளவேனிலில் பீடபூமியின் பாறை நிலம் விரைவில் சூடேறுகிறது. தரையை ஒட்டி வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று தெற்கிலிருந்து வந்து சேர்கிறது. அதற்கு மேலே மேற்கிலிருந்து வறண்ட வெப்பக்காற்று வீசுகிறது. பானையை மூடிய தட்டுபோல அந்த வறண்ட காற்று, கீழே உள்ள ஈரக்காற்றை எழவிடாமல் அமுக்கி வைக்கிறது. நண்பகலுக்குப் பின் வெப்பம் முற்றும்போது ஈரக்காற்று அத்தடையை உடைத்துக்கொண்டு மேலெழுகிறது. பத்து கி.மீ.க்கும் அதிகமான உயரத்துக்கு இடிமேகங்கள் எழும்புகின்றன.

மேகத்திலிருந்து விழும் மழைத்துளிகளில் ஒரு பகுதி, வறண்ட காற்றில் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று தரையில் மோதி முன்னோக்கிப் பாய்கிறது. அது எதிரே உள்ள ஈரக்காற்றை உந்தி உயர்த்த, அங்கே புதிய இடிமேகம் உருவாகிறது. இப்படி ஒன்றிலிருந்து மற்றொன்றாகத் தென்கிழக்கு நோக்கி இடிமேக வரிசை நகர்கிறது. பிற்பகலில் புருலியாவில் கருக்கொள்ளும் புயல், மாலையில் கொல்கத்தாவை எட்டுவது இப்படித்தான்.

இது முற்றிலும் தீமை என்று வங்க விவசாயி கருதுவதில்லை. சணல் விதைப்புக்கும் கோடைப் பயிருக்கும் இந்த மழை உதவுகிறது. அதே மழையுடன் விழும் ஆலங்கட்டி, மால்டாவின் மாந்தோப்புகளில் பிஞ்சுகளை உதிர்த்துவிடுகிறது.

சருகில் பற்றும் தீ

புயல் வருவதற்கு முன்பே பீடபூமியில் வேறொரு அபாயம் தலைகாட்டிவிடுகிறது. மாசி, பங்குனியில் சால் மரங்கள் இலையுதிர்க்கின்றன. காட்டுத் தரை முழுவதும் காய்ந்த சருகு கணுக்கால் அளவுக்குக் குவிகிறது. மேற்கிலிருந்து வீசும் உலர்காற்றில் சிறு பொறியும் பெருந்தீயாகிவிடும். புருலியாவின் அயோத்தியா மலையிலும் பாங்குராவின் சுசுனியா குன்றிலும் இப்பருவத்தில் காட்டுத் தீ ஏற்படுகிறது. 2021 மார்ச்சில் இவ்விரு மலைகளிலும் பரவிய தீ மாநில அளவில் கவலையை உண்டாக்கியது.

இத்தீயின் பெரும்பகுதி மனிதரால் மூள்வது. இலுப்பை இனத்தைச் சேர்ந்த மஹுவா மரத்தின் பூக்கள் உதிரும் காலமும் இதுவே. பழங்குடிக் குடும்பங்களுக்கு இப்பூ உணவு, வருமானம் இரண்டுமாகும். பூவை எளிதாகப் பொறுக்கச் சிலர் மரத்தடிச் சருகுக்குத் தீ வைக்கின்றனர். அணைக்காமல் எறியப்படும் பீடித் துண்டுகளும் வேட்டைக்காக மூட்டப்படும் தீயும் வேறு காரணங்கள். டேராடூனில் உள்ள இந்திய வன அளவைத் துறை, செயற்கைக்கோள் மூலம் தீயைக் கண்டறிந்து மாநில வனத் துறைகளுக்குத் தகவல் அனுப்புகிறது. தகவல் வந்தாலும் மலையேறிப் பச்சைக் கிளையால் அடித்துத் தீயணைப்பவர்கள் வனக் காவலர்களும் உள்ளூர் இளைஞர்களுமே.

காட்டுத் தீயில் காற்றின் பங்கு எத்தகையது என்பதைத் தமிழகம் அறியும். 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்வெளியில் தீ பரவியபோது மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் சிக்கிக்கொண்டனர். மொத்தம் 23 பேர் உயிரிழந்தனர்.

தீயையும் புயலையும் தனித்தனியே பார்க்க முடியாது. சருகும் புதர்ச் செடியும் எரிந்து வெறுமையான சரிவின் மீதுதான் கால்பைசாகியின் முதல் மழை விழுகிறது. தடுக்க ஏதுமில்லாததால் மேல்மண் ஓடையில் கரைந்து போகிறது. அடுத்த ஆண்டு அந்தச் சரிவு மேலும் வறண்டு கிடக்கும்.

தலைப்புச் செய்தியாகும் நகரம்

2018 ஏப்ரல் 17-ம் தேதி மாலை கொல்கத்தாவைச் சில நிமிஷ இடைவெளியில் இரண்டு சூறைக்காற்றுகள் தாக்கின. முதலாவது மணிக்கு 84 கி.மீ., இரண்டாவது 98 கி.மீ. வேகத்தில் வீசியதாக வானிலைத் துறை பதிவு செய்தது. நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ரயில் போக்குவரத்து நிலைகுலைந்தது. கொல்கத்தா, ஹவுரா உள்ளிட்ட பகுதிகளில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

நகரில் மரம் சாய்ந்தால் அது தலைப்புச் செய்தியாகிறது. ஆனால், உயிர்ப்பலி அதிகம் நேர்வது நகருக்கு வெளியே. 1998 மார்ச் 24-ம் தேதி மேதினிபூரின் தாந்தன் பகுதியிலும் ஒடிசா எல்லைக் கிராமங்களிலும் வீசிய சுழல்காற்று நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது. 2010 ஏப்ரலில் ஒரே இரவில் வடக்கு தினாஜ்பூரையும் பிகாரின் பூர்ணியா பகுதியையும் சூறையாடிய புயலிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் மண்சுவர்க் குடிசைகளிலும் தகரக் கூரைகளின் கீழும் உறங்கிய ஏழைகள்.

2024 மார்ச் 31-ம் தேதி இமயமலை அடிவாரத்தில் உள்ள ஜல்பைகுரி நகரையும் மைனாகுரி பகுதியையும் சில நிமிஷங்களே நீடித்த சூறைக்காற்று சிதைத்தது. உயிர்ச் சேதத்துடன் நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். முதல்வர் மம்தா பானர்ஜி அன்றிரவே அங்கு விரைந்தார். அது மக்களவைத் தேர்தல் காலம். வீடிழந்தவர்களுக்கு மாநில அரசு நிதி வழங்கத் தேர்தல் ஆணையத்தின் அனுமதி தேவைப்பட்டது. அதுவே அரசியல் சர்ச்சையாகவும் மாறியது. மேற்கு வங்கத்தில் 2011, 2016, 2021 பேரவைத் தேர்தல்களும் கால்பைசாகிக் காலத்திலேயே நடந்தன. ஆயினும் பிரசார மேடைகளில் இப்புயல் முக்கியப் பொருளாக இடம்பெற்றதில்லை.

வயலில் விழும் இடி

கால்பைசாகியின் கொடிய ஆயுதம் காற்றன்று, மின்னல். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022-ல் நாடெங்கும் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். அவ்வாண்டு இயற்கைச் சீற்றங்களால் நேர்ந்த 8,060 மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம் இது. அதற்கு முந்தைய ஆண்டில் இந்த எண்ணிக்கை 2,880.

2021 ஜூன் 7-ம் தேதி தென் வங்க மாவட்டங்களில் ஒரே நாளில் 25-க்கும் மேற்பட்டோர் மின்னலுக்கு இரையாயினர். 2024 மே 16-ம் தேதி மால்டாவில் குறைந்தது 11 பேர் இறந்தனர். மாந்தோப்பில் நின்றவர்களும் வயலில் இருந்தவர்களும் அவர்களில் அடங்குவர். ராஞ்சியை அடுத்த நாம்கும் வட்டாரத்தில் "வஜ்ரமாரா" என்றே ஓர் ஊர் உள்ளது. இடி தாக்கிய இடம் என்பது அப்பெயரின் பொருள். பீடபூமி மக்களுக்கு மின்னல் எவ்வளவு பழகிய அச்சம் என்பதற்கு அந்தப் பெயரே சான்று.

மின்னல் தாக்கியவரைச் சாணத்தில் புதைத்து வைக்கும் பழக்கம் கிழக்கு மாநிலங்களின் சில பகுதிகளில் நீடிக்கிறது. அவரது உடலில் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டால் ஆபத்து என்ற எண்ணமும் உண்டு. இரண்டும் தவறு. மின்னல் தாக்கியவரைத் தொடுவதால் ஆபத்தில்லை. மூச்சும் இதயத் துடிப்பும் நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்தி முதலுதவி செய்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றால் பலரைக் காப்பாற்ற முடியும்.

ஒரே மேகம், இரண்டு நீதி

தில்லியில் நெடுங்காலமாக நடைபெறும் விவாதம் இங்கேதான் தொடங்குகிறது. 15-வது நிதிக்குழுவின் 2021-26 காலத்தில் தேசியப் பேரிடர் நிதியுதவிக்குரிய பட்டியலில் புயல், வறட்சி, நிலநடுக்கம், தீ, வெள்ளம், சுனாமி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, பனிச்சரிவு, மேகவெடிப்பு, பூச்சித் தாக்குதல், உறைபனி மற்றும் குளிர் அலை ஆகிய 12 சீற்றங்கள் இருந்தன. மின்னல் இல்லை.

ஒரே மேகத்திலிருந்து விழும் ஆலங்கட்டிக்கு அப்பட்டியலில் இடம் இருந்தது, மின்னலுக்கு இருக்கவில்லை. பட்டியலில் உள்ள பேரிடரில் இறப்பவரின் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் என்று விதி வகுக்கப்பட்டிருந்தது. மின்னலால் இறப்பவரின் குடும்பமோ அந்தந்த மாநிலத்தின் முடிவையும் அவ்வப்போதைய அறிவிப்பையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியிருந்தது. 2021 ஜூன் மரணங்களுக்குப் பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்து தலா ரூ.2 லட்சம் அறிவிக்கப்பட்டது.

மின்னலை இயற்கைப் பேரிடராக அறிவிக்குமாறு மேற்கு வங்கமும் பிகாரும் வற்புறுத்தி வந்தன. விழிப்புணர்வின் மூலம் தவிர்க்கக்கூடிய மரணங்கள் என்பதால் அதற்கு மத்திய அரசு உடன்படவில்லை என்று 2023-ல் அதிகாரிகள் தெரிவித்தனர். பட்டியலை விரிவுபடுத்தும் கோரிக்கையில் வலுவில்லை என்று 15-வது நிதிக்குழுவும் கருதியது. அதே சமயம், உள்ளூர்ப் பேரிடர்களுக்கு மாநிலப் பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரை செலவிட மாநிலங்களுக்கு அனுமதி இருந்தது. ஒடிசா 2015-லேயே மின்னலை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

இருதரப்பிலும் நியாயம் உண்டு. விழிப்புணர்வு உயிர்காக்கும் என்பது உண்மை. ஆனால், கூலியை இழந்து வீடு திரும்ப இயலாதவருக்கு விழிப்புணர்வு மட்டும் போதுமா என்ற கேள்விக்குத் தில்லியின் வாதத்தில் பதில் இல்லை. மறுபுறம், பட்டியலில் சேர்த்துவிட்டால் இறந்தபின் தரும் பணம் உயரும், இறப்பு குறைந்துவிடாது. அதற்கான பணி மாநிலத்தின் கையில், குறிப்பாகப் பஞ்சாயத்தின் கையில் உள்ளது.

கையில் உள்ள நேரம்

இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றிய ஊர் கொல்கத்தா. 1864-ல் அந்நகரைச் சூறையாடிய புயலும் அதையடுத்த பஞ்சங்களும் 1875-ல் அத்துறை அமைய வழிவகுத்தன. கால்பைசாகியை ஆராய 2005-ல் "ஸ்டார்ம்" என்ற தனித்திட்டமே தொடங்கப்பட்டது. இன்று டாப்ளர் ரேடார் மேகத்தின் நகர்வைக் காட்டுகிறது. அடுத்த மூன்று மணி நேரத்துக்கான குறுகிய கால எச்சரிக்கையை அலிப்பூர் வானிலை மையம் மாவட்டவாரியாக வெளியிடுகிறது. புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உணர்கருவி வலையமைப்பு ஒன்றை நிறுவி, "தாமினி" என்ற செல்பேசிச் செயலி மூலம் மின்னல் அபாயத்தைத் தெரிவிக்கிறது.

ஆனால், நாற்று நடும் பெண்ணின் மடியில் அந்தச் செயலி உள்ள செல்பேசி இருப்பது அரிது. எச்சரிக்கை கிடைத்தாலும் ஒதுங்க இடம் வேண்டும். வயலில் தனித்து நிற்கும் மரமே கண்ணுக்குத் தெரியும் ஒரே நிழல். மின்னல் நேரத்தில் அதுவே ஆபத்தான இடம். வங்கதேசம் 2016 மே மாதம் இரண்டே நாள்களில் பலரை இழந்தபின் மின்னலைப் பேரிடராக அறிவித்தது. லட்சக்கணக்கில் பனை நடும் திட்டத்தையும் மேற்கொண்டது. பனை உயர்ந்து வளரப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் உடனடிப் பலன் கிட்டவில்லை.

வங்கக் கடலோரம் இதற்கொரு நல்ல முன்மாதிரி உண்டு. கடற்புயலுக்கு ஒடிசாவிலும் மேற்கு வங்கத்திலும் புகலிடங்கள் கட்டப்பட்டன. ஒலிபெருக்கி, தன்னார்வலர் மூலம் மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்படுகின்றனர். அதனால் உயிர்ச்சேதம் பெருமளவு குறைந்தது. மலையில் பிறக்கும் புயலுக்கும் அதே முறையைச் சிறிய அளவில் பின்பற்றலாம். பள்ளிவாசல், கோயில் ஒலிபெருக்கிகள் வழியே அறிவிப்பு, வயல்களுக்கு இடையே இடிதாங்கியுடன் கூடிய சிறு கொட்டகை, எச்சரிக்கை வந்தால் வேலையை நிறுத்தினாலும் அன்றைய கூலி குறையாது என்ற உறுதி ஆகியவை கோடிகளை விழுங்கும் திட்டங்கள் அல்ல.

புருலியா மலையில் மேகம் எழும்போது அலிப்பூரில் உள்ள திரையில் அது தெரிந்துவிடுகிறது. அது வந்து சேர்வதற்குள் கொல்கத்தா அலுவலர் வீடு திரும்பிவிட முடியும். பாங்குராவின் வயலில் குனிந்து நிற்பவரையும் அதே நேரத்துக்குள் நிமிர்ந்து பார்க்கச் செய்வதே அரசுகளின் முன் உள்ள பணி.