பதின்மூன்றாம் அலைவரிசை

1925 ஆம் ஆண்டில் கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கிய காலத்தில், பெட்டியின் திருகைத் திருப்பித் திருப்பி நிலையத்தைத் தேடிப் பிடிப்பதே ஒரு கலையாக விளங்கிற்று. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்த பின், வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் நாமும் அதையே செய்ய நேர்ந்தது, திருகுதான் இல்லை.

2022 இல் ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபோது புதிய மடிகணினி நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாப் பொருளாயிற்று. உயர்தர வகுப்பில் பயிலும் எம் மருமகனுக்கு, அமெரிக்காவிலுள்ள உறவினரொருவர் தாம் பாவித்த பழைய கணினியை அனுப்பியிருந்தார். இன்றைய விண்டோஸைத் தாங்கும் வலு அதற்கில்லை. ஆகவே கொட்டாஞ்சேனைக் கடையொன்றில் 'பப்பி லினக்ஸ்' ஏற்றுவித்தோம். 2003 இல் அவுஸ்திரேலியரான பெரி கௌலர் வெளியிட்ட இவ்வியங்குதளம், பெயருக்கேற்ப நாய்க்குட்டி போன்று சிறியது. முழுவதும் நினைவகத்திலேயே ஓடவல்லது.

மாலை ஆறு மணிக்கு இணையவழி வகுப்பு. ஐந்து மணிக்குப் பையன் ஓடிவந்தான்.

"மாமா, பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரியுது. எங்கடை மட்டும் தெரியேல்லை. திரும்பப் புதுசா ஏத்துவமா?"

வேண்டாமென்று தடுத்தோம். அவன் சொன்ன முதல் வாக்கியத்திலேயே பாதி விடை இருந்தது. எந்தப் பெயருமே தெரியாவிடில், முதலில் கணினியின் பக்கத்திலுள்ள சிறு ஆளியைப் பார்க்க வேண்டும். 'ஆர்எஃப்கில்' என்னும் கட்டளை, வானலை தடுக்கப்பட்டுள்ளதா என்பதைக் காட்டும். அடுத்து 'டிமெஸ்க்' பதிவில், வானலை அட்டைக்குரிய நிலைபொருள் கிடைக்கவில்லையென்ற முறைப்பாடு உண்டா எனத் தேட வேண்டும். பழைய பிராட்கொம் அட்டைகள் சிலவற்றுக்கு அதனைத் தனியே பெற்று இட வேண்டியிருக்கும். ஆனால் அயலார் பெயர்கள் தெரிகையில் இவை யாவும் நலமே.

அவ்வாறாயின் எமது பெயர் எங்கே ஒளிந்தது? 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் இலங்கையில் 13 அலைவரிசைகள் உண்டு. அமெரிக்காவில் 11 வரையே வழக்கம். வீடுகள் நெருங்கிய தொடர்மாடியில், எமது ரவுட்டர் நெரிசலுக்கு அஞ்சித் தானாகவே 13 ஐத் தெரிந்துகொண்டிருந்தது. அமெரிக்கச் சந்தைக்கெனச் செய்த அட்டையோ அதற்குச் செவிகொடுக்கவில்லை. கணினியில் நாட்டை இலங்கையென மாற்றியும் பயனில்லை; அட்டையின் நிரந்தர நினைவிலேயே அமெரிக்கா பொறிக்கப்பட்டிருந்தது. இனி ரவுட்டர்தான் இறங்கிவர வேண்டும். கைத்தொலைபேசி மூலம் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து 11 ஆக்கினோம். சற்று நேரத்தில் எமது வீட்டின் பெயர் திரையில் எழுந்தது.

கடவுச்சொல்லை இட்டதும் இணைப்புக் கிடைத்தது. எனினும் வகுப்புப் பக்கம் திறக்க மறுத்தது! மணி ஆறாக ஐந்து நிமிடம். எண் முகவரிக்கு 'பிங்' அனுப்பினால் மறுமொழி வந்தது. பெயரிட்டு அனுப்பினாலும் வந்தது. பிறகென்ன? திரையின் மூலையை நோக்கினோம். கணினிக்கு அது 2009 ஆம் ஆண்டு! கடிகாரப் பற்றரி செத்திருந்தபடியால், இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களை 'இன்னும் பிறக்காதவை' என்று கருதி அது ஒதுக்கியிருக்கிறது. திகதியைத் திருத்தியவுடன் ஆசிரியரின் குரல் கேட்டது.

மறுநாள் காலி வீதியில் நாணயம் போன்ற பற்றரியொன்றை வாங்கினோம். அதைப் பொருத்தும் வரை, கணினியைத் திறந்ததும் நாட்காட்டியைப் பார்த்துத் திகதி இடுவது மருமகனின் பணியாயிற்று.