உயிருள்ள இடுபொருள்

வடசென்னையின் மணலித் தொழிற்பகுதியில் இயங்கும் மெட்ராஸ் பெர்ட்டிலைசர்ஸ் நிறுவனம், மைய அரசும் அமெரிக்காவின் அமோகோ நிறுவனமும் கூட்டுச் சேர்ந்ததன் விளைவாக 1966 டிசம்பரில் பதிவு பெற்று, 1971இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதே 1966 டிசம்பரில்தான் இந்திய விதைச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முந்தைய மாதத்தில்தான் பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல்லை வெளியிட்டிருந்தது. இம்மூன்றும் ஒரே வேளையில் நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பழைய நெட்டை நெற்பயிர்கள் தழைச்சத்தைக் கூடுதலாகப் பெற்றால் உயர்ந்து வளர்ந்து சாய்ந்துவிடும் என்பதால் அவற்றுக்கு ஆலை உரத்தால் பெரும் பயன் விளையவில்லை. குட்டை ரகங்களோ உரத்தைத் தாங்கி நின்று மணியாக மாற்றின. ஆகவே ஒருபுறம் உர ஆலைகளும், மறுபுறம் அந்த ரகங்களின் விதை கலப்பின்றி உழவரைச் சேர்வதற்கான சட்டமும் தேவைப்பட்டன.

உரத்தின் வரலாறு ஆலைப் புகைபோக்கிகளாகவும் மானியக் கணக்குகளாகவும் அனைவர் கண்ணிலும் பட்டது. அருகிலுள்ள சுத்திகரிப்பு ஆலையின் நாப்தாவைக் கொண்டு யூரியா தயாரித்துவந்த மணலி ஆலை, 2019இல் எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் அமைந்தபின் எரிவாயுவுக்கு மாறியதும் செய்தியாயிற்று. விதையின் வரலாறு அவ்வாறு பேசப்படவில்லை. பேசப்பட்டபோதும் புதிய ரகங்களைப் பற்றியே பேசப்பட்டது. ஆனால் ரகமும் விதைத்தரமும் ஒன்றல்ல. ரகம் என்பது பயிருக்குள் இருக்கும் மரபு. விதைத்தரம் என்பது அந்த மரபைச் சுமந்துவரும் மணி உயிரோடும் கலப்பின்றியும் நோயின்றியும் வலுவோடும் வயலை அடைகிறதா என்பது. மிகச் சிறந்த ரகத்தின் விதையும் ஈரக் கிடங்கில் ஆறு மாதம் கிடந்தால் வெறும் தானியமாகிவிடும். அதன்பின் எவ்வளவு யூரியா இட்டாலும் முளைக்காத விதை அதை உண்ணப்போவதில்லை. சாகுபடிச் செலவில் விதைக்கு ஆகும் பங்கு மிகச் சிறிது, மற்றெல்லாச் செலவின் பயனும் அதைச் சார்ந்தே நிற்கிறது என்ற இந்த எளிய உண்மைக்கு உரிய கவனம் இன்றும் கிடைக்கவில்லை.

ரக ஆராய்ச்சியில் இப்பகுதிக்குப் பெருமைக்குரிய இடம் உண்டு. மணலி அண்மைக்காலம்வரை அடங்கியிருந்த திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று 1940களிலிருந்து இயங்கிவருகிறது. திரூர்க்குப்பம் என்ற ஊர்ப்பெயரின் சுருக்கமே இந்நிலையத்து ரகங்களுக்கு முன் வரும் ‘டி.கே.எம்.’ என்னும் எழுத்துகள். ஜி.இ.பி. 24, கோ 18 ஆகிய இரண்டையும் இணைத்து இங்கு உருவான டி.கே.எம். 6, தண்டுத்துளைப்பானை எதிர்க்கும் ஆற்றலுக்காகப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தாரால் பெற்றோராகப் பயன்படுத்தப்பட்டது. தமிழக உழவர்களுக்கு நெடுங்காலம் பழக்கமான ஐ.ஆர். 20இன் நேரடிப் பெற்றோர்களுள் ஒன்று அது. 1980களில் உலகிலேயே மிகப் பரவலாகப் பயிரான ஐ.ஆர். 36இன் முன்னோர் வரிசையிலும் அதற்கு இடமுண்டு. ஆனால் இத்தகைய மரபு ஒவ்வொரு பருவமும் புதிதாகக் காக்கப்பட வேண்டியது. ஆய்வு நிலையத்தில் உருவாகும் வல்லுநர் விதையிலிருந்து ஆதார விதையும், அதிலிருந்து சான்று விதையும் பெருக்கப்படும்போது, ஒவ்வொரு படியிலும் கலவன் எனப்படும் வேற்றுச் செடிகளை வயலில் இறங்கிக் களைந்தாக வேண்டும். பைகளில் தைக்கப்படும் மஞ்சள், வெள்ளை, நீல அட்டைகள் முறையே இம்மூன்று நிலைகளைக் குறிப்பன. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், அடுத்த வயலிலிருந்து 3 மீட்டர் விலகல் இருந்தால் போதும் என்பது சான்றளிப்பு விதி. இன்று கலப்புக்குப் பெருங்காரணமாக இருப்பது மகரந்தத்தைவிட அறுவடை எந்திரமே. ஒரு வயலின் நெல்லை வயிற்றில் வைத்துக்கொண்டே அடுத்த வயலில் இறங்கும் எந்திரத்தைச் சுத்தம் செய்யாமல் விட்டால், பல ஆண்டுக் கலவன் அகற்றும் உழைப்பு ஒரு முற்பகலில் வீணாகும்.

விதையைச் சோதித்துப் பார்க்கும் முறையான ஆய்வுக்கூடம் முதன்முதலாக 1869இல் ஜெர்மனியின் தாராண்ட் நகரில், ஃபிரெடரிக் நோபே என்னும் அறிஞரால் தொடங்கப்பட்டது. இன்று சான்று நெல் விதைக்கு இந்தியாவில் குறைந்தது 80 சதவீத முளைப்புத்திறனும், 98 சதவீதப் புறத்தூய்மையும், 13 சதவீதத்துக்கு மிகாத ஈரப்பதமும் வேண்டும். முளைப்புத்திறன் என்பது உகந்த சூழலில் இயல்பான நாற்றாக எழும் விதைகளின் விகிதம். ஆய்வுக்கூடத்தில் 400 விதைகளை எண்ணி வைத்து, 14ஆம் நாள் இறுதிக் கணக்கெடுப்பர். அவ்வளவு நாள் காத்திருக்க இயலாதபோது, 1940களில் ஜார்ஜ் லாகோன் வகுத்த டெட்ரசோலியச் சோதனை உதவுகிறது: நிறமற்ற அந்த உப்புக் கரைசலில் ஊறவைத்த விதையின் உயிருள்ள திசு, சுவாசத்தில் ஈடுபடும் நொதிகளின் செயலால் சிவப்பாகிறது, இறந்த திசு வெளிறியே இருக்கிறது. மணி உயிரோடிருக்கிறதா என்பதோடு, அதன் எந்தப் பகுதி செத்திருக்கிறது என்பதும் ஒரு நாளுக்குள் தெரிந்துவிடுகிறது.

எனினும் முளைப்புத்திறன் ஆய்வுக்கூடத்தின் இதமான சூழலில் எடுக்கப்பட்ட எண். வயலில் மண் இறுகியிருக்கும், மழை பொய்க்கும் அல்லது மிகும், பூசணம் காத்திருக்கும். அத்தகைய சூழலிலும் ஒருசேர எழுந்து நிற்கும் ஆற்றலை ஆய்வாளர்கள் வீரியம் என்கின்றனர். ஒரே 85 சதவீத முளைப்புள்ள இரண்டு விதைக் குவியல்கள் வயலில் வேறு வேறாக நடந்துகொள்வதற்கு இதுவே காரணம். விதை மூப்படையும்போது முதலில் குறைவது வீரியம்; முளைப்புத்திறன் அதற்குப் பின்னரே சரிகிறது. விதைகளைச் சில நாட்கள் 40 பாகை செல்சியஸ் அளவிலான வெப்பத்திலும் மிகுந்த ஈரத்திலும் வைத்துப் பிறகு முளைக்க வைக்கும் துரித மூப்புச் சோதனையும், ஊறிய நீரின் மின்கடத்துத்திறனை அளக்கும் சோதனையும் வீரியத்தைக் கண்டறிவதற்காக வந்தவை. செல் சவ்வுகள் சிதைந்த விதையிலிருந்து உப்புகள் கசிந்து நீரின் மின்கடத்துத்திறனை உயர்த்தும் என்பது பின்னதன் அடிப்படை. இந்தியச் சான்றளிப்பு முறை முளைப்பை மட்டும் நிபந்தனையாக்கி, வீரியத்தை ஆய்வாளரின் அக்கறையாகவே விட்டுவைத்திருப்பது ஒரு குறையே.

அந்தக் குறையின் கனம் திருந்திய நெல் சாகுபடியில் தெளிவாகத் தெரியும். குறுகியகால ரகங்களுக்கு வழக்கமான நடவு முறையில் ஹெக்டேருக்கு 60 கிலோ விதை பரிந்துரைக்கப்படுகிறது. திருந்திய முறையில் 7 முதல் 8 கிலோ. ஒரு கிலோவில் சுமார் 45,000 மணிகள் இருக்குமெனக் கொண்டால், 7 கிலோவில் ஏறத்தாழ 3 லட்சத்து 15 ஆயிரம் மணிகள். 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் குத்துக்கு ஒரே நாற்றாக நட ஹெக்டேருக்குச் சுமார் 2 லட்சம் நாற்றுகள் வேண்டும். 80 சதவீதம் முளைத்தால் போதிய உபரி இருக்கும். 60 சதவீதமே முளைத்தால் நாற்றங்கால் போதாது. ஒரு குத்தில் நான்கைந்து நாற்றுகளைச் சேர்த்து நட்ட காலத்தில் ஒன்று நலிந்தாலும் மற்றவை ஈடுகட்டின. ஒற்றை நாற்று நடவில் அந்த ஈடு இல்லை. விதையளவைக் குறைக்கும் எந்தச் சீர்திருத்தமும் விதைத்தர ஆராய்ச்சியின் தோள்மீதே நிற்கிறது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் சென்னையிலேயே உள்ளது. 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியே பின்னர் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்து, 1971இல் பல்கலைக்கழகமாயிற்று. அதன் விதை அறிவியல் துறையினர் பரவலாக்கிய உத்திகளுள் மானாவாரி உழவருக்கு மிகப் பயன்பட்டது விதையைக் கடினப்படுத்துதல். திருவள்ளூர், காஞ்சிபுரம் வட்டாரங்களில் மழையை நம்பிப் புழுதியில் நெல் விதைக்கும் வழக்கம் உண்டு. முதல் மழைக்குப் பின் வானம் பொய்த்துவிட்டால் இளம் முளை கருகிவிடும். இதற்கு ஒரு சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசலில் விதையைச் சுமார் 16 மணி நேரம் ஊறவைத்து, வேர் வெளிவருமுன்னரே எடுத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைக்கச் சொல்கின்றனர். ஊறலின்போது விதைக்குள் முளைப்புக்கான நொதிச் செயல்கள் தொடங்கிவிடுகின்றன. உலர்த்தும்போது அவை நின்றாலும் நடந்த வேலை அழிவதில்லை. வயலில் மீண்டும் ஈரம் பட்டவுடன் அத்தகைய விதை முந்தி எழுந்து வேரை ஆழமாக இறக்கிவிடுகிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் வால்டர் ஹைடெக்கர் 1970களில் பாலிஎத்திலீன் கிளைக்கால் கொண்டு செய்த ஆய்வுகளும் இதே தத்துவத்தைச் சார்ந்தவை. அங்கு விலையுயர்ந்த காய்கறி விதைக்குப் பயன்பட்ட அறிவை, இங்கு சில ரூபாய்ச் செலவில் புழுதி நெல்லுக்கும் சோளத்துக்கும் பயறுக்கும் பொருத்தியது எளிய சாதனையன்று.

சேமிப்பில் கடலோரத்துக்கெனத் தனித் துன்பம் உண்டு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹாரிங்டன் வகுத்த விதிகளின்படி, விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறையும்போதெல்லாம் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கிறது. கிடங்கின் வெப்பம் 5 பாகை செல்சியஸ் குறைந்தாலும் அவ்வாறே. கிடங்கின் வெப்பத்தை ஃபாரன்ஹீட் அளவில் எடுத்து, காற்றின் ஈரப்பதச் சதவீதத்தோடு கூட்டினால் 100ஐத் தாண்டலாகாது என்பது அவருடைய இன்னொரு கணக்கு. மணலி, எண்ணூர் போன்ற இடத்தில் 30 பாகை செல்சியஸ், அதாவது 86 பாகை ஃபாரன்ஹீட் வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் கூட்டுத்தொகை 161. சாக்குப்பையில் கட்டிய விதை இக்காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால், நன்கு உலர்த்திய விதையும் சொர்ணவாரிப் பருவ அறுவடையிலிருந்து நவரைப் பருவ விதைப்புக்கு வருவதற்குள் வலுவிழக்கக்கூடும். இதனாலேயே ஈரம் புகாத உறைக்குள் அடைக்கும் நெல் விதையை 8 சதவீதம்வரை உலர்த்த வேண்டும் என்று விதி கோருகிறது. மிகுந்த ஈரத்தோடு அடைத்துவிட்டால் காற்றோட்டமின்றி விதை உள்ளேயே புழுங்கி இறக்கும். உலர்த்துவதிலும் கவனம் தேவை: நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரையிலான கடும் வெயிலைத் தவிர்க்கும்படி பல்கலைக்கழகம் அறிவுறுத்துகிறது. பயறு விதைக்குக் கூடுதல் பகை பயறுவண்டு. செம்மண் கட்டித் துவரையைக் காத்த பழைய வழக்கத்துக்கு நெருங்கிய முறையாக, 100 கிலோ விதைக்கு ஒரு கிலோ வீரியமூட்டிய களிமண் தூளைக் கலக்கும் பரிந்துரை உண்டு. அத்தூள் வண்டின் உடலைப் போர்த்திய மெழுகுப் படலத்தைக் கெடுத்து, நீரிழப்பால் அதைக் கொல்கிறது.

மணலிக்கும் விதைக்கும் உள்ள உறவு 1966இன் பொருத்தத்தோடு முடிந்துவிடவில்லை. மெட்ராஸ் பெர்ட்டிலைசர்ஸ், ‘விஜய்’ என்னும் பெயரில் வேதி உரங்களோடு உயிர் உரங்களையும் விற்றுவருகிறது. பயறுவகைகளின் வேர் முடிச்சுகளில் வாழ்ந்து காற்றின் நைட்ரஜனைப் பயிருக்குத் தரும் ரைசோபியம், தானியப் பயிர்களின் வேரைச் சூழ்ந்திருக்கும் அசோஸ்பைரில்லம், மண்ணில் கரையாது கிடக்கும் பாஸ்பேட்டைக் கரைக்கும் பாஸ்போபாக்டீரியா ஆகிய நுண்ணுயிர்கள் பெரும்பாலும் விதையோடு ஒட்டியே வயலுக்குப் போகின்றன. ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைப்பது வழக்கம். மணலியில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் நிகழும் அதே நைட்ரஜன் பிணைப்பை இவற்றுள் முதல் இரண்டும் சாதாரண மண்ணில் செய்கின்றன. அளவில் அது ஆலைக்கு ஈடாகாதெனினும் உரச்செலவை ஓரளவு குறைக்கும். ஆனால் இதுவும் உயிருள்ள பொருள். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தூள் வடிவ உயிர் உரத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிரணுக்கள் இருக்க வேண்டும்; வெயிலில் கிடந்த பொட்டலத்தில் அந்த எண்ணிக்கை நிலைக்காது. பூசணக்கொல்லி கலந்த விதையில் உடனே பூசினாலும் அவை மடியும் என்பதால், இரண்டுக்கும் இடையே 24 மணி நேரம் விடச் சொல்கின்றனர். கடைகளில் இந்த விளக்கம் அரிதாகவே கிடைக்கிறது என்பதுதான் உயிர் உரத்தின் பெயர் கெட்டதற்கு முக்கியக் காரணமாகத் தோன்றுகிறது.

தமிழகத்தில் நெல்லும் பயறும் விதைப்போரில் பலர் இன்றும் தம் வயலில் எடுத்த விதையையோ அண்டை உழவரின் விதையையோதான் பயன்படுத்துகின்றனர் என்பதால், ஆராய்ச்சியின் பெரும்பயன் நீல அட்டைப் பைகளை மட்டும் எண்ணுவதால் வந்துவிடாது. சொந்த விதைக்கும் பொருந்தும் முறைகளுள் ஒன்று முட்டைச் சோதனை. நீரில் புது முட்டையை இட்டு, அது மேலெழுந்து ஒரு சிறு நாணய அளவுக்குத் தலைகாட்டும்வரை உப்பைக் கரைத்து, அக்கரைசலில் விதை நெல்லைக் கொட்டினால், பதரும் அரைகுறை மணிகளும் மிதக்க, கனத்த மணிகள் அடியில் தங்கும். மிதப்பவற்றை நீக்கியபின் தங்கியவற்றை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிவிட வேண்டும். அடுத்து, 100 மணிகளை எண்ணி ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி வைத்து முளையை எண்ணிப் பார்க்கலாம். ஐயமிருந்தால், விதைச்சான்றுத் துறையின் கீழ் மாவட்டங்களில் இயங்கும் விதைப் பரிசோதனை நிலையங்களில் உழவர் எவரும் சிறு கட்டணம் செலுத்தித் தம் விதையைச் சோதித்துக்கொள்ளலாம். நெல்லின் முடிவு வர இரண்டு வாரத்துக்கு மேலாகும் என்பதால், நாற்றங்காலுக்கு நாள் குறிப்பதற்கு ஒரு மாதம் முன்னரே மாதிரியை அனுப்பிவிடுவது நல்லது. முடிவு 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் வேறு விதை தேட அப்போது காலம் இருக்கும்.