துருநோயைத் தொடர்ந்த ஆராய்ச்சி

கோதுமையைத் தாக்கும் துருநோயின் நுண்ணிய வித்துக்கள் காற்றில் நெடுந்தொலைவு செல்கின்றன. ஆகவே ஓரிடத்து ஆய்வோ, ஓராண்டு மானியமோ இந்நோய்க்குப் போதாது. ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கே. சி. மேத்தா 1920-களில் தொடங்கிய ஆராய்ச்சி இதற்குச் சான்றாகும். 1930-இல் விவசாய ஆராய்ச்சிக் கவுன்சிலின் பொருளுதவி கிடைத்தபின், அப்பணி சமவெளியிலும் மலைகளிலும் விரிந்தது.

கோடை வெப்பத்தால் சமவெளியில் இந்நோய் அழிந்துவிடுகிறது. குளிர்ந்த மலைகளிலோ, பருவமல்லாத காலத்துக் கோதுமையிலும் தானே முளைத்த பயிரிலும் பிழைத்திருந்து, மீண்டும் கீழே பரவுகிறது. தென்னாட்டில் நீலகிரியும் பழனி மலையும் அதன் உறைவிடங்கள் என்பது பல ஆண்டுப் பதிவுகளால் தெளிவாயிற்று. முடிவுகள் 1940-இல் நூலாயின. இரண்டாம் பகுதி, மேத்தா மறைந்தபின் 1952-இல் வெளிவந்தது.

1965-இல் அகில இந்திய ஒருங்கிணைந்த கோதுமைத் திட்டம் தோன்றியது. பல நிலையங்களின் பதிவுகளை ஒருங்கே நோக்கினாலன்றி நோயின் வழி புலப்படாது. அவற்றை இணைக்கும் பணிக்கு நிதியை நீட்டிப்பதும் பயிர்ப் பாதுகாப்பே ஆகும்.