ஒரு தொப்பிக்கு 25 பென்ஸ்

பிரித்தானியாவின் இன்னொசென்ட் பழப்பான நிறுவனம் 2003இல் புதுமையான விற்பனை உத்தியொன்றை ஆரம்பித்தது. பொதுமக்கள் கம்பளி நூலில் சின்னஞ்சிறு தொப்பிகளைப் பின்னி அனுப்புவார்கள். நிறுவனம் அவற்றைப் போத்தல்களுக்கு அணிவித்து விற்பனைக்கு விடும். முதியோர் நல அமைப்பான ஏஜ் யூ.கே.யுடன் இணைந்து நடத்திய ஆண்டுகளில், தொப்பியணிந்த போத்தலொன்று விற்றால் 25 பென்ஸ் அவ்வமைப்புக்குச் சென்றது. குளிர்காலத்தில் வாடும் முதியோருக்காகத் தொப்பி பின்னியவர்களில் முதியோரும் பலர்.

இதில் நிறுவனத்துக்கு விளம்பர இலாபம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால், ஒன்றுக்கு இவ்வளவு என முன்கூட்டியே அறிவித்ததால் வாடிக்கையாளருக்குக் கணக்குத் தெரிந்தது. "இலாபத்தில் ஒரு பகுதி ஏழைகளுக்கு" என்று மட்டும் பலகை தொங்கவிடும் நம் வர்த்தகர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். தர்மத்தின் பெயரால் பெறும் பணம் அமானிதமாகும். அந்த "ஒரு பகுதி" எவ்வளவு என்பதையும் பலகையில் எழுதுவோம்.