பழைய விண்டோஸுக்குத் திரும்பினால் உரிமை என்ன ஆகும்?

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்த்து ஒரு சின்னக் கடை நடத்தும் அக்கா, பக்கத்துக் கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டுக் கேட்டார்: “தம்பி, கடை கம்ப்யூட்டர்ல விண்டோஸ் லெவன் ஃப்ரீயா வருதுன்னு ஏத்திட்டேன். ஒரே ஸ்லோ. டென்னுக்கே திருப்பிட்டேன். இப்ப ராம் கூடப் போட்டுட்டு மறுபடி லெவனுக்குப் போகலாம்னா, ‘ஒருவாட்டி திரும்பிட்டா அந்த ஃப்ரீ போச்சு, புது கீ வாங்கணும்’னு சர்வீஸ் பையன் சொல்றான். நெசமா?”

நிஜமில்லை. அக்கா ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். ஆனால் அந்தப் பையன் பொய்யும் சொல்லவில்லை. திரும்பிப் போகும் வசதியையும் பயன்படுத்தும் உரிமையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறான். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை பாதிக் கடைகளில் இதே குழப்பம்தான். வசதிக்குக் கெடு உண்டு. உரிமைக்கு, அந்த இயந்திரம் இருக்கிறவரை, கெடு கிடையாது.

வசதியை முதலில் பார்த்துவிடலாம். மேலே ஏற்றும்போது பழைய விண்டோஸ் அழிவதில்லை. சி டிரைவில் ‘விண்டோஸ் ஓல்ட்’ என்ற ஃபோல்டருக்குள் ஒதுங்கி இருக்கிறது. செட்டிங்ஸில் ‘கோ பேக்’ அழுத்தினால் அங்கிருந்துதான் திரும்பி வருகிறது. அந்த ஃபோல்டர் பல ஜிபி இடத்தை அடைத்துக்கொள்வதால் கெடு முடிந்ததும் விண்டோஸே அதைத் துடைத்துவிடும். 2015-ல் டென் வந்த புதிதில் கெடு 30 நாள். 2016 ஆகஸ்டில் வந்த ஆனிவர்சரி அப்டேட்டில் அதை 10 நாளாகக் குறைத்தார்கள். லெவனிலும் 10 நாள்தான். அந்தப் பத்து நாளுக்குள் விவரம் தெரிந்த ஒருவர் ஒரே ஒரு கட்டளை கொடுத்து 60 நாள் வரை நீட்டி வைக்கலாம். கடைக் கணினியில் லெவன் ஏற்றுகிறவர்கள் முதல் வேலையாக இதைச் செய்வது நல்லது. பத்து நாளில் எல்லாப் பிரிண்டரையும் எல்லா ஸ்கேனரையும் சோதித்து முடிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

கெடு முடிந்துவிட்டால் பென் டிரைவில் டென்னை ஏற்றி, ஃபார்மேட் அடித்துப் போட வேண்டும். கோப்புகளை முன்கூட்டியே வேறு டிஸ்கில் எடுத்து வைக்க வேண்டும், எல்லா சாஃப்ட்வேரையும் புதிதாக நிறுவ வேண்டும். அலைச்சல் அதிகம். உரிமைக்கு மட்டும் சேதம் இல்லை.

“அப்ப அந்த உரிமை எங்கதான் இருக்கு? என்கிட்ட கீயே குடுக்கலையே!” என்றார் அக்கா.

சரியான கேள்வி. விண்டோஸ் செவன் காலம் வரை மடிக்கணினியின் அடிப்பக்கத்தில் 25 எழுத்துக் கீயோடு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். விண்டோஸ் எய்ட் முதல் கம்பெனியே ஏற்றித் தரும் இயந்திரங்களில் கீயை மதர்போர்டின் பயாஸ் சிப்புக்குள் எழுதிவிட்டார்கள். டென்னுக்கு இலவசமாக ஏறியவர்களுக்கோ தனிக் கீ என்று எதுவுமே தரவில்லை. ஏறும் நேரத்தில், ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் அசல்தானா என்று பார்த்துக்கொண்டு, அந்த இயந்திரத்தின் மதர்போர்டு முதலான பாகங்களிலிருந்து ஓர் அடையாளத்தை உருவாக்கி, மைக்ரோசாஃப்டின் சர்வரில் ‘இந்த இயந்திரத்துக்கு விண்டோஸ் டென் ஹோம் உரிமை உண்டு’ என்று பதிந்துவைத்தார்கள். இதன் பெயர்தான் டிஜிட்டல் லைசென்ஸ். மனை வாங்கிப் பதிவு செய்தால் பத்திரம் பீரோவில் தொலைந்தாலும் சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் பதிவு நிற்கிறதல்லவா? மனையில் இருக்கும் வீட்டை இடித்தாலும் பழைய ஓட்டு வீட்டிலேயே குடியிருந்தாலும் பதிவு மாறாது. அப்படித்தான் இதுவும். வட்டில் எந்த விண்டோஸ் ஓடுகிறது என்பது சர்வரில் இருக்கும் பதிவைத் தொடுவதில்லை.

அதனால் அக்காவின் கணினியில் மறுபடி லெவன் போடும்போது கீ கேட்டால் ‘என்னிடம் கீ இல்லை’ என்ற வரியை அழுத்திவிட்டு மேலே போகலாம். நெட் இணைப்புக் கிடைத்ததும் சர்வர் அடையாளம் கண்டு தானாக ஆக்டிவேட் செய்துவிடும். டென்னுக்கும் லெவனுக்கும் இந்தப் பதிவு பொதுவானது. லெவனுக்கு ஏறுவதும் இதுவரை இலவசம்தான்.

கடையில் இன்னொரு கணினி இருக்கிறது. 2012-ல் வாங்கியது, செவனோடு வந்தது. 2016-ல் இலவச டென்னுக்கு ஏற்றி, கல்யாணப் பத்திரிகை போடும் பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும் மக்கர் செய்ததால் உடனே செவனுக்குத் திருப்பிவிட்டார்கள். யூனிகோட் வருவதற்கு முன்பு தட்டச்சு செய்த ஆயிரக்கணக்கான பத்திரிகை மாதிரிகள் அதில் கிடக்கின்றன. தென்சென்னைப் புறநகரின் அச்சுக்கடைகள் பழைய விண்டோஸை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குச் சோம்பல் காரணமில்லை. பிழைப்பே அந்தக் கோப்புகளுக்குள் இருக்கிறது. அந்த இயந்திரத்தின் 2016 உரிமை இன்றும் செல்லுமா?

செல்லும். ஒரே நிபந்தனை: அன்றைக்கு டென் ஏறி, ஆக்டிவேட் ஆகியிருக்க வேண்டும். அந்த இலவசக் காலம் 2015 ஜூலை 29 முதல் 2016 ஜூலை 29 வரை. அதற்குள் ஒருமுறை ஏறி இறங்கியிருந்தாலும் பதிவு விழுந்துவிட்டது. கெடு முடிந்த பிறகும் செவன் கீயைக் கொடுத்தால் டென் ஏற்றுக்கொண்டு வந்தது. பல ஆண்டு அந்தக் கதவு பாதி திறந்தே கிடந்தது. 2023 செப்டம்பர் 20 அன்று மைக்ரோசாஃப்ட் அதையும் சாத்திவிட்டதாக அறிவித்தது. ஆகவே ஒருமுறைகூட டென் ஏறாமல் செவனிலேயே இருந்துவிட்ட இயந்திரத்துக்கு இனி இலவச வழி இல்லை. திரும்பி வந்தவர்களைவிட, போகவே போகாதவர்கள்தான் இழந்தார்கள்.

இதில் நம் பக்கத்து மக்கள் பலருக்கு வேறொரு இடத்தில் அடி விழுந்தது. இலவசக் காலத்தின் நடுவில்தான் 2015 டிசம்பர் வெள்ளம் வந்தது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை மீறி, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளம் மொத்தமும் தண்ணீருக்குள் போயிற்று. மேசைக்கு அடியில் வைத்த சிபியு எதுவும் தப்பவில்லை. ஹார்ட் டிஸ்கைக் காயவைத்துக் காப்பாற்றியவர்கள் உண்டு. போர்டு போனது போனதுதான். சர்வரில் பதிந்திருந்த அடையாளம் பெரும்பாலும் அந்த மதர்போர்டைத்தான் சார்ந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வேறு போர்டு வாங்கி மாட்டியதும் சர்வருக்கு அது முன்பின் தெரியாத இயந்திரம். ஜூலைக்குப் பின் டென்னுக்கு ஏறி, டிசம்பரில் போர்டை இழந்த வீடுகள் பழைய விண்டோஸிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

2016 ஆகஸ்ட் அப்டேட்டிலிருந்துதான் டிஜிட்டல் லைசென்ஸை ஒருவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைக்கும் வழி வந்தது. அப்படி இணைத்திருந்தால், போர்டு மாற்றிய பின் ஆக்டிவேஷன் பக்கத்தில் ‘அண்மையில் வன்பொருள் மாற்றினேன்’ என்று சொல்லி உரிமையைக் கோரலாம். தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீடெயில் விண்டோஸுக்கு இது உறுதியாகப் பலிக்கும். கணினிக் கம்பெனியே ஏற்றிக் கொடுத்த விண்டோஸுக்கு அந்த உறுதி இல்லை. விதிப்படி அது முதலில் வந்த போர்டோடு கட்டுண்டது. முடிச்சூர்க்காரர்கள் ஒவ்வொரு நவம்பரும் சிபியுவை மேசைமேல் தூக்கி வைக்கிறார்கள். அதே கையோடு கணக்கையும் இணைத்து வைக்கச் சொல்லி நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

டீ வந்தது. அக்கா கடைக்குள் போய் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து காட்டினார். ‘டிஜிட்டல் லைசென்ஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியுள்ளது’ என்ற பொருளில் இருந்தால் கவலையில்லை. ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை’ என்று இருந்தால்தான் கவனம் வேண்டும். பெரிய அலுவலகங்கள் தங்கள் சொந்த சர்வர் வழியாக ஆக்டிவேட் செய்யும் முறை அது. 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மூன்று பேர் வேலை செய்யும் ஜெராக்ஸ் கடையில் அந்த வரி தெரிந்தால், ஃபார்மேட் அடித்தவர் கிராக் போட்டிருக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம். தெரிந்தே இப்படிப் பயன்படுத்துவதற்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. தொழில் லாபத்துக்காகப் பயன்படுத்தாதவரிடம் நீதிமன்றம் இளக்கம் காட்டலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கடைக்கு அந்த இளக்கம் பொருந்தாது.

இதில் எனக்கு வருத்தமான விஷயம், அசல் உரிமை இருக்கும் இயந்திரத்திலேயே கிராக் ஏறியிருப்பதுதான். ஹோம் உரிமையோடு வந்த மடிக்கணினியில், சர்வீஸ்காரர் கையில் இருக்கும் பென் டிரைவில் ப்ரோ இருப்பதால் ப்ரோவைப் போட்டுவிடுகிறார். ஹோமுக்குப் பதிவு இருக்கிறது, ப்ரோவுக்கு இல்லை. ஆக்டிவேட் ஆகாமல் நிற்கும்போது கிராக் போட்டு வாயை அடைக்கிறார். ஃபார்மேட்டுக்குக் கொடுக்கும்போதே ‘என்ன வந்ததோ அதே ஹோம் போடுங்க’ என்று சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கிற கீயும் வேண்டியதில்லை.

ப்ரோவோடு விற்கப்பட்ட கணினிக்கு ஒரு கூடுதல் சலுகை உண்டு. லெவன் ப்ரோ உரிமையை வைத்துக்கொண்டே டென் ப்ரோவை ஓட்டலாம் என்று ஒப்பந்தமே அனுமதிக்கிறது. வேண்டும்போது மேலே ஏறிக்கொள்ளலாம். ஹோம் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. ஒன்று மட்டும் இரண்டுக்கும் பொது: மேம்படுத்தல் என்பது பழைய உரிமையின் இடத்தில் வந்து உட்காருவது. லெவனை ஒரு கணினியிலும் அதன் பழைய டென்னைப் பிரித்தெடுத்து மகள் கணினியிலும் போட முடியாது.

“அப்ப நான் டென்லயே இருந்துடவா?” என்றார்.

இருக்கலாம், ஆனால் அதிக நாள் முடியாது. டென்னுக்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ல் நின்றுவிட்டன. வீட்டு உபயோகக் கணினிகளுக்கு நீட்டிப்புத் திட்டம் ஒன்று 2026 அக்டோபர் 13 வரை இருக்கிறது. 22எச்2 பதிப்பில் இருக்கும் கணினியில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் கட்டணமில்லாமல் சேரலாம். இல்லையென்றால் 30 டாலர். ஆதார், பான் என்று ஊரார் ஆவணங்களைக் கையாளும் கடை, அப்டேட் இல்லாத கணினியில் ஒருநாளும் ஓடக்கூடாது. அக்காவின் முதல் கணினி எட்டாம் தலைமுறை இன்டெல், டிபிஎம் 2.0 உண்டு, லெவனுக்குத் தகுதியானது. ராமைப் போட்டுவிட்டு ஏறிவிடலாம்.

2012 கணினிக்கு லெவன் வழி அடைபட்டதே. 2016 பதிவை வைத்து டென் போட்டால் நீட்டிப்பு முடியும்வரை ஓட்டலாம், அதற்கு மேல் இல்லை. அதற்கு வேறொரு வழி இங்கே பக்கத்திலேயே இருக்கிறது. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து 2005-ல் கட்டற்ற மென்பொருளுக்கென ஒரு தேசிய மையத்தைத் தொடங்கின. அந்த முயற்சியில் 2007-ல் வெளிவந்ததுதான் டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு இதுவும் ஏறி வந்தது. எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம், பழைய பதிப்புக்கு இறங்கலாம், மறுபடி ஏறலாம். கேட்க எந்த சர்வரும் கிடையாது.

ஆகவே அந்தக் கணினியின் செவனை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். நெட் கேபிளைக் கழற்றிவிட்டுப் பத்திரிகை வேலைக்கு மட்டும் பேஜ்மேக்கரைத் திறக்க வேண்டியது. தமிழ் எழுத்துருக்கள் ஒழுங்காக விழுந்ததும் பிடிஎஃப் ஆக்கி, பென் டிரைவில் முதல் கணினிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பிரிண்ட்டோ வாட்ஸ்அப்போ அனுப்ப வேண்டியது. அதே டிஸ்கில் ஒரு பகுதியை ஒதுக்கி பாஸ் லினக்ஸ் போட்டுவிட்டால், விண்ணப்பம் நிரப்ப வரும் பிள்ளைகளுக்கு நெட் பார்க்க அது போதும். அதற்கு முன் மாதிரிகள் முழுவதையும் வெளி டிஸ்கில் இரண்டு பிரதி எடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை சாத்திய பின் அதை முதலில் முடிப்பதாக முடிவானது.