இரையாத கணிப்பொறி

தருமபுரியின் கோடைப் பகலில் பழைய கணிப்பொறி ஏன் 'உர்ர்' என்று இரைகிறது? 2006-இல் வந்த கோர் 2 டுவோ செயலிகளில் பல, முழு வேலையில் ஏறத்தாழ 65 வாட் வெப்பத்தைக் கக்கும். அதை வாங்கிக் காற்றில் விடுபவை ஹீட்சிங்க்கின் உலோகத் தகடுகள். வாட்டுக்கு அரை டிகிரி ஏறும் ஹீட்சிங்க் என்றால் உயர்வு 32.5 டிகிரி. அறையே 36 டிகிரியானால் செயலி 68-ஐத் தாண்டும்! விசிறி சும்மா இருக்குமா?

முதலில் தூசியைத் தூரிகையால் தட்டி, காய்ந்த வெப்பப் பசையை மாற்றுங்கள். பல வேளைகளில் அதுவே போதும்.

புதிது வாங்கினால், தகடுகள் நிறைந்த, 120 மி.மீ. விசிறி கொண்டதைப் பாருங்கள். சிறுவிசிறி விரைந்து தள்ளும் காற்றைப் பெருவிசிறி மெதுவாகச் சுழன்றே தள்ளிவிடும், இரைச்சல் குறையும். முழுச் செம்பு நன்றாகக் கடத்தும், ஆனால் கனம். பலகையின் துளைகள் 72 மி.மீ. இடைவெளியில் உள்ளன, ஹீட்சிங்க் அதற்குப் பொருந்துமா, பெட்டி மூடுமா என்று அளந்தபின் காசைக் கொடுங்கள்.